கடியும் ஊதியமில்லாத குறிப்பும்: எதை முதலில் கேட்பது?

குழந்தைகளுக்கான நடத்தைச் சிகிச்சை வேலையில் இடைவெளியில்லாமல் தினம் ஆறு அமர்வு, அமர்வுக் குறிப்பெழுதுவது ஊதியமில்லாமல் வீட்டில், ஒரு குழந்தை கடிக்கிறது, மேற்பார்வையாளர் எட்டிப் பார்ப்பதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் கடி. பல் பதிந்ததும் கையை வெடுக்கென இழுக்காதீர்கள், தோல் கிழிவது அப்போதுதான். வாய்ப் பக்கமாகவே மெல்ல அழுத்தினால் பிடி தளரும். தோல் வெட்டுப்பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பற்றிக் கேட்பார். சம்பவப் பதிவை வீட்டுக்குப் போகுமுன் எழுதி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடிக்குச் சற்று முன் என்ன நடந்தது, எந்த வேலை கொடுத்தீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அது இல்லாமல் அந்தக் குழந்தைக்கான நடத்தைத் திட்டத்தைத் திருத்தவே முடியாது. முழுக்கைத் தடுப்புறை கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

நீங்கள் ஆர்.பி.டி. (பதிவுபெற்ற நடத்தைச் சிகிச்சை உதவியாளர்) சான்றிதழ் உள்ளவரானால், மாதச் சிகிச்சை நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை கட்டாயம். 100 மணி நேரத்துக்கு 5 மணி. இது கிடைக்காவிட்டால் ஆபத்து உங்கள் சான்றிதழுக்கும்தான்.

குறிப்புக்கு அமர்வுக்கு 10 நிமிடம் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம் ஊதியமில்லாமல் போகிறது. இரண்டு வாரம் தேதி, நேரத்தோடு குறித்துவையுங்கள். பிறகு அந்தக் கணக்கைக் காட்டி, ஒவ்வொரு அமர்விலும் கடைசிப் பத்து நிமிடத்தைக் குறிப்புக்கு ஒதுக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு ஆதாரமாக நிற்காது.