ரூபாயில் போடுவதா, டாலரிலேயே வைப்பதா? வெளிநாட்டில் இருப்பவர்களின் டெபாசிட் கேள்விகள்

கேள்வி (அபுதாபி): வெளிநாட்டு இந்தியர்கள் ரூபாயில் போடும் என்.ஆர்.இ. டெபாசிட்டுக்கு 7 சதவீதம் தருகிறார்கள். டாலரில் போடும் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டுக்கு 4.5தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில்: 7 சதவீதம் என்பது ரூபாய்க்கான வட்டி, 4.5 சதவீதம் என்பது டாலருக்கான வட்டி. அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆண்டுக் கூட்டு வட்டி என்று வைத்து 3 ஆண்டுக்குப் பாருங்கள். ரூபாயில் 100 போட்டால் 122.50, டாலரில் 114.12. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.0735. மூன்று ஆண்டில் டாலர் விலை 7.35 சதவீதத்துக்கு மேல் ஏறினால், 7 சதவீத வட்டி தோற்றுவிடும். டாலரை 90 ரூபாய்க்கு மாற்றிப் போட்டிருந்தால் எல்லை ஏறக்குறைய 96.60. போகவும் வரவும் மாற்றுவதில் வங்கி மொத்தம் 1 சதவீதம் எடுத்தால் 95.65.

2013 இறுதியில் 62 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர், 2023 இறுதியில் 83ஐத் தாண்டியிருந்தது. ஆண்டுக்குச் சராசரி 3 சதவீத ஏற்றம். ஆனால் அது சீராக வராது. 2013லேயே மே மாதம் 55 ரூபாய் அளவில் இருந்தது, ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது.

உங்களுக்கு இன்னொரு வசதி: ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். டாலர் டெபாசிட் உங்களுக்குச் சொந்தச் சம்பள நாணயத்தில் போட்டதுபோலத்தான்.

கேள்வி (தோகா): இரண்டு ஆண்டில் திருச்சியில் வீடு கட்டப் போகிறேன். அப்போதும் டாலரா?

பதில்: வேண்டாம். செலவு ரூபாயில் என்றால் பணமும் ரூபாயில் இருக்கட்டும். மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போடாமல், அஸ்திவாரம், கூரை என்று தேவைப்படும் மாதங்களுக்கு ஏற்பப் பிரித்துப் போடுங்கள். என்.ஆர்.இ. டெபாசிட்டை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது.

கேள்வி (சிங்கப்பூர்): இங்கே 3 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறது. வாங்கி இந்தியாவில் 7க்குப் போட்டால் 4 சதவீதம் சும்மா வருமே?

பதில்: சும்மா வராது. சிங்கப்பூர் வெள்ளி (அந்நாட்டு டாலர்) ரூபாய்க்கு எதிராக ஓராண்டில் 3.9 சதவீதம் ஏறினாலே லாபம் பூஜ்யம். அங்கே மத்திய வங்கி கொள்கையை நடத்துவது வட்டி விகிதத்தால் அல்ல, நாணய மதிப்பால். வெள்ளி மெல்ல ஏறும் என்று சந்தை எதிர்பார்ப்பதால்தான் வட்டி குறைவு. போதாக்குறைக்கு, டெபாசிட் முடங்கிக் கிடக்கும், கடன் தவணையோ மாதாமாதம் வரும்.

இதே வேலையை யென்னில் பெரிய அளவில் செய்தவர்களின் கதி 2024இல் தெரிந்தது. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக்கியது. அவ்வளவுதான். ஜூலைத் தொடக்கத்தில் டாலருக்கு 161 யென் அளவில் இருந்தது, ஆகஸ்ட் 5 அன்று 142 வரை வந்தது, அதாவது யென் மதிப்பு ஏறிவிட்டது. யென் கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடியதும் இதற்கு ஒரு காரணம். அன்று ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கெய் குறியீடு 12.4 சதவீதம் விழுந்தது.

கேள்வி (மஸ்கட்): எஃப்.சி.என்.ஆர். போட்டு, முதிர்வுத் தொகைக்கு ஃபார்வர்டு போட்டுக்கொள்ளச் சொல்கிறார் வங்கி மேலாளர். லாபமா?

பதில்: டாலரை முதிர்வு நாளில் என்ன விலைக்கு விற்பீர்கள் என்பதை இன்றே பூட்டிவிடும் ஏற்பாடு அது. 4.5 சதவீத வட்டி, 2 சதவீத ஃபார்வர்டு பிரீமியம் (இன்றைய விலையைவிடப் பூட்டிய விலை கூடுதலாக இருக்கும் அளவு) என்றால் ரூபாய்க் கணக்கில் 6.59 சதவீதம் (1.045 × 1.02). அதே காலத்துக்கு என்.ஆர்.இ. வட்டி இதைவிடக் குறைவா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் அருகருகேதான் இருக்கும், வட்டி வித்தியாசத்தை வைத்துத்தான் பிரீமியமே அமைகிறது. நடுவில் டெபாசிட்டை உடைத்தால் ஃபார்வர்டை ரத்து செய்யும் செலவும் உங்கள் தலையில்.

கேள்வி (டல்லஸ்): இந்த டெபாசிட் வட்டிக்கு வரி இல்லை என்கிறார்களே?

பதில்: இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் உண்டு, இரண்டு வகை வட்டிக்கும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்குகள் பற்றி அமெரிக்க அரசுக்குத் தரும் அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும். வரிக்குப் பின் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி (ஷார்ஜா): அடுத்த ஆண்டு ஊருக்கே திரும்புகிறேன். டெபாசிட் என்ன ஆகும்?

பதில்: என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், வரிவிலக்கும் அதோடு முடியும். எஃப்.சி.என்.ஆர். ஒப்புக்கொண்ட வட்டியிலேயே முதிர்வு வரை ஓடும். வருமான வரிச் சட்டப்படி 'சாதாரணமாக வசிக்காத' நிலையில் (ஊர் திரும்பியதும் பலருக்குச் சில காலம் இருக்கும் நிலை) நீங்கள் இருக்கும்வரை அந்த வட்டிக்கு வரி இல்லை. முதிர்ந்ததும் டாலராகவே வைத்திருக்க ஆர்.எஃப்.சி. கணக்கு (ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டு நாணயத்தை வைத்திருக்கும் கணக்கு) தொடங்கலாம். மகன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான் என்றால் அந்தப் பணத்தை ரூபாயாக்க அவசரப்படாதீர்கள்.