குடிநீர்த் திட்டக் கடனை ஊரின் வருவாய் தாங்குமா?

கேள்வி: நான் ஒரு சிறு நகர மன்றத்தின் உறுப்பினர். பழைய பகிர்மானக் குழாய்களை மாற்றிப் புதிய மேல்நிலைத் தொட்டியும் சுத்திகரிப்பு நிலையமும் அமைப்பதற்காகக் கடன் வாங்கும் தீர்மானம் விரைவில் மன்றத்துக்கு வரவிருக்கிறது. செலவு போக மிஞ்சும் குடிநீர்க் கட்டண வருவாய், ஆண்டுத் தவணையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் என்று திட்ட அறிக்கை கூறுகிறது. கணக்கியல் பயிலாத நான் வாக்களிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அந்த அறிக்கையில் காட்டப்பட்டுள்ள வருவாய் கேட்பா, வசூலா என்பதை முதலில் கேளுங்கள். இணைப்புதாரர்களிடமிருந்து ஊருக்கு வரவேண்டிய தொகை கேட்பு. உண்மையில் வந்து சேர்ந்த தொகை வசூல். தவணை கட்டுவதற்கு வசூலான பணம் மட்டுமே உதவும். கடந்த 3 முதல் 5 ஆண்டுகளுக்கான கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைத் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளோடு சேர்த்து வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும் அந்தப் பட்டியல், தடித்த திட்ட அறிக்கை சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும்.

ஓர் ஊரின் ஆண்டுக் கேட்பு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், ஊழியர் சம்பளம், குளோரின், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 55 பங்கு செலவாகிறது. அசலும் வட்டியுமாகத் தவணை 20 பங்கு. கேட்பை வைத்துப் பார்த்தால் 45 பங்கு மிஞ்சுகிறது. அது தவணையைப் போல் 2.25 மடங்கு. ஆனால் வசூலானது 78 பங்குதான் என்றும், அதிலும் 6 பங்கு ஒருமுறை நடத்திய தீவிர வசூலில் கிடைத்த பழைய பாக்கி என்றும் தெரிய வந்தால், ஆண்டுதோறும் நம்பத்தக்க வருவாய் 72 பங்கு மட்டுமே. செலவு போக மிஞ்சுவது 17, தவணையில் 0.85 மடங்கு. கடன் தருவோர் பொதுவாக இந்த விகிதம் 1.2 அல்லது 1.25-க்குக் குறையாமல் இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பார்கள். ஒரே ஊரின் ஒரே ஆண்டுக் கணக்குதான் ஒரு பார்வையில் தாராளமாகவும் மறு பார்வையில் பற்றாக்குறையாகவும் நிற்கிறது.

செலவுப் பக்கத்தையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். கட்டாமல் விட்ட மின்கட்டணம், ரொக்க அடிப்படையில், அதாவது பணம் கைமாறும்போது மட்டும், எழுதப்படும் கணக்கில் செலவாகவே தோன்றாது. அதனால் உபரி இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகும். பம்புகளை நம்பி ஓடும் திட்டத்தில் மின்சாரம் மிகப் பெரிய செலவினங்களில் ஒன்று என்பதால், மின்கட்டணப் பாக்கி எவ்வளவு என்று தனியாகக் கேட்பது அவசியம். புதிய சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகு மின்சாரமும் வேதிப்பொருளும் ஆள் செலவும் கூடும். மேலே சொன்ன 55 பங்கு அப்போது 55-ஆகவே இருக்காது. இன்றைய செலவையும் நாளைய வருவாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உபரி காட்டும் அறிக்கையைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

குடிநீர்ப் பணம் பொது நிதியில் கலந்து வேறு துறைகளின் சம்பளத்துக்குப் போகிறதா, ஒரே ஆலையோ நிறுவனமோ வருவாயில் பெரும்பகுதியைத் தருகிறதா என்பதையும் விசாரியுங்கள். அந்த ஆலை மூடப்பட்டால், அது கட்டிவந்த பங்கு மற்ற வீடுகளின் தலையில்தான் விழும்.

கேள்வி: எங்கள் ஊர்த் திட்டத்தில் பாதித் தொகை மானியமாக வருகிறது. ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறார் தலைவர். அது சரியா?

பதில்: மானியம் கட்டித் தரும், இயக்கித் தராது. மின்கட்டணமும் பராமரிப்பும் முழுத் திட்டத்துக்குமாக வரும், பாதித் திட்டத்துக்கு அல்ல. மானியம் தாமதமானால் இடைக்காலச் செலவை யார் ஏற்பார் என்பதையும், கட்டுமானக் காலத்து வட்டி திட்ட மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடன் பெற வேண்டுமானால் குடிநீர்க் கட்டணத்தை உயர்த்த வேண்டுமென்று கடன் தரும் நிறுவனம் நிபந்தனை விதித்துள்ளது. எங்கள் ஊரில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் அதிகம். மக்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: தங்கள் கேள்வியை மன்றத்திலும் எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 2.5 விழுக்காட்டைக் குடிநீருக்கான தாங்குதிறன் வரம்பாக நெடுங்காலம் கையாண்டது. இத்தகைய அளவுகோல் தொடக்கமாக உதவும். ஆனால் இடைநிலை வருமானம் என்பது நடுவிலுள்ள குடும்பத்தின் நிலையைத்தான் காட்டும். அதற்கு வெகு கீழே இருக்கும் குடும்பத்துக்கு அதே கட்டணம் வருமானத்தில் 6 அல்லது 7 விழுக்காடாக இருக்கக்கூடும். எனவே ஊரில் மிகக் குறைந்த வருமானமுள்ள பகுதியை எடுத்துக்கொண்டு தனியாகக் கணக்கிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பயன்பாடு கூடக் கூட விலை ஏறும் அடுக்குக் கட்டணம் ஏழைகளைக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்கள் நீர் பிடிக்கும் வீடு, அந்த முறையில் செல்வந்தர் வீட்டைப் போல உயர்ந்த அடுக்குக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட வீடுகளைக் கணக்கெடுத்துவிட்டுத்தான் அடுக்குகளை அமைக்க வேண்டும்.

கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் இழப்பைக் குறைக்க முடியுமா என்றும் பாருங்கள். உற்பத்தியாகும் 100 குடம் நீரில் 40 குடத்துக்குக் கட்டணம் வரவில்லை என்றால், கசிவோடு பழுதான மீட்டர், முறையற்ற இணைப்பு, கட்டணமின்றி வழங்கப்படும் நீர் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். அந்த 40-ஐ 25-ஆகக் குறைத்தால் விற்கத்தக்க நீர் 60-இலிருந்து 75-ஆக, அதாவது கால் பங்கு உயர்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: அடைத்த கசிவால் மிச்சமான நீரை வாங்க ஆளில்லாவிட்டால் பம்பு ஓட்டும் செலவு மட்டுமே குறையும், வருவாய் கூடாது. மீட்டரைச் சரிசெய்வதும் முறையற்ற இணைப்பை முறைப்படுத்துவதும்தான் நேரடியாக வசூலை உயர்த்தும். இந்தப் பணிகளைக் கடனின் முதல் பகுதியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அதன் பிறகும் உயர்வு தேவைப்பட்டால், கடன் கையெழுத்தாவதற்கு முன்பே சிறு சிறு படிகளாகத் தொடங்கிவிடலாம். தவணை தொடங்குமுன் சேரும் அந்தக் கூடுதல் பணத்தைத் தனிக் காப்பு நிதியாக வைத்தால், ஓராண்டுத் தவணை அளவுக்குச் சேர்ந்தாலே வறட்சி ஆண்டைச் சமாளிக்கும் பலம் கிடைக்கும். உயர்ந்த கட்டணத்தை மக்கள் தொடர்ந்து கட்டுகிறார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: இரண்டு கடன் வாய்ப்புகள் வந்துள்ளன. ஒன்று 30 ஆண்டுகளுக்கு நிலையான வட்டி. மற்றொன்று தொடக்கத்தில் குறைவாக இருந்து சந்தையோடு மாறும் வட்டி. எதை ஏற்கலாம்?

பதில்: ஒரு சிறு ஊர் மாறும் வட்டியை ஏற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஜெபர்சன் கவுண்டி, கழிவுநீர்த் திட்டத்துக்காக வாங்கிய 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனின் பெரும்பகுதியை, மாறும் வட்டியும் சிக்கலான வட்டி மாற்று ஒப்பந்தங்களும் (ஒரு வகை வட்டியை வேறு வகை வட்டியோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) கொண்டதாக மாற்றி அமைத்தது. 2008 நிதி நெருக்கடியில் வட்டிச் சுமை ஏற, 2011 நவம்பரில் அது திவால் மனு தாக்கல் செய்தது. லஞ்சக் குற்றங்களும் அந்த விவகாரத்தில் சேர்ந்திருந்தன. அவ்வளவு பெரிய நிர்வாகமே தாங்காத ஏற்றத்தை, சில ஆயிரம் இணைப்புகளைக் கொண்ட ஊர் தாங்குவது கடினம்.

நிலையான வட்டிக் கடனிலும் 30 ஆண்டுகள் என்பதைச் சற்று யோசியுங்கள். முறையாகப் பதித்த குழாய் அதற்கு மேலும் உழைக்கும். பம்பும் மோட்டாரும் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகளுக்குள் மாற்றப்பட வேண்டியவை. பழைய பம்புக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும்போதே புதிய பம்புக்கும் கடன் கேட்கும் நிலை வரக்கூடாது. ஆகவே இயந்திரங்களுக்கான பகுதியைக் குறுகிய காலக் கடனாகப் பிரித்துத் தருமாறு கேளுங்கள். மறுத்தால், அவற்றை மாற்றுவதற்கான நிதியை ஆண்டுதோறும் ஒதுக்கும் விதியைக் கடன் தீர்மானத்திலேயே எழுதி நிறைவேற்றிவிடுங்கள்.