ஒரு தளத்தில் பார்த்த செருப்பு வேறு தளத்தில் விளம்பரமாக வருகிறதே, குக்கீயை அழித்தால் நிற்குமா?

ஓரளவு நிற்கும். குக்கீ என்பது தளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பு. கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன் மாதிரி. குக்கீ 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பொறியாளர் லூ மொன்டுல்லி கொண்டுவந்தது. லாகின் நிலைப்பதும், கூடையில் போட்ட பொருள் மறையாமலிருப்பதும் இதனால்தான்.

உங்களைத் துரத்துவது மூன்றாம் தரப்புக் குக்கீ, அதாவது நீங்கள் பார்க்கும் தளம் அல்லாமல் வேறொரு நிறுவனம் போடும் குக்கீ. இரண்டு தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், டோக்கன் எண்ணை வைத்தே 'அதே ஆள்' என்று அது கண்டுகொள்ளும்.

எல்லாவற்றையும் அழித்தால் ஒவ்வொரு தளத்திலும் மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டும் (ஓடிபிக்குக் காத்திருப்பது தனிக் கொடுமை). அதைவிட, குரோம் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்புக் குக்கீயை மட்டும் தடுங்கள். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 முதல் தானாகவே தடுக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே மெயில் ஐடியில் லாகின் செய்திருந்தால், செருப்பு அப்போதும் பின்னாலேயே வரலாம்.