பதில்: பழைய ஃபிளாஷ் பாடங்களை ரஃபிளில் ஓட்டலாமா?

வணக்கம் நண்பரே. பள்ளியில் இருக்கும் பழைய எஸ்.டபிள்யூ.எஃப் (ஃபிளாஷ் கோப்பு வடிவம்) பாடங்களை, ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் மென்பொருளான ரஃபிளில் ஓட்டினால் ஃபிளாஷின் உரிமையாளரான அடோபி வழக்குப் போடுமா, சொந்தக் கோப்பு வடிவத்தை ஏன் திறந்துவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

தயங்காமல் ஓட்டுங்கள். அந்த வடிவத்தின் விவரக்குறிப்பு, அதாவது கோப்பு எப்படி அமைந்திருக்கும் என்று சொல்லும் ஆவணம், முன்பே கிடைத்தது. ஆனால் அதை வைத்துக் கோப்பு உருவாக்கும் மென்பொருள் எழுதலாம், பிளேயர் எழுதக் கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை இருந்தது. கட்டற்ற (யாரும் பயன்படுத்தி மாற்றக்கூடிய) பிளேயர் எழுதியவர்கள் பாவம், ஆவணத்தைத் தொடாமல் கோப்புகளை அலசியே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2008 மே மாதம் அடோபி அந்தத் தடையை நீக்கியது.

இதில் வியாபாரக் கணக்கு தெளிவாகவே இருந்தது என்பேன். கணினியில் பிளேயர் இலவசம். பணம் வந்தது பாடம், விளம்பரம், விளையாட்டு எல்லாம் உருவாக்கும் மென்பொருளை விற்று. கைபேசி, டிவி என எங்கும் ஃபிளாஷ் ஓடினால்தான் அதை வாங்குவார்கள். போதாததற்கு 2007-இல் மைக்ரோசாஃப்ட், ஃபிளாஷ் போன்ற தன் சில்வர்லைட் மென்பொருளோடு போட்டிக்கு வந்துவிட்டது.

2020 முடிவில் அடோபியே ஃபிளாஷைக் கைவிட்டது. அதன் பிறகும் பழைய கோப்புகளை ஓட்ட வேண்டிய நமக்கெல்லாம் அந்த ஆவணம் திறந்திருந்தது பெரிய நன்மை.

அப்புறம், பாடங்களின் பதிப்புரிமை வேறு விஷயம். இணையத்தில் ஏற்றுவதானால் தயாரித்தவரிடம் கேட்டுவிடுங்கள். ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவை சில சரியாக ஓடாமல் போகலாம். வகுப்புக்கு முன் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள்.