ஏர்போர்ட் வேலி ஓரமா நின்னு பிளேன் பாக்கறவங்களுக்கு அதுல என்னதான் கிடைக்குது? வேலை வெட்டி இல்லாதவங்களா?

கேள்விய படிச்சோன கொஞ்சம் சூடாத்தான் ஆச்சு, மறைக்க விரும்பல. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா உங்க வீட்டுலயே ஒருத்தர், அனேகமா மகனோ வீட்டுக்காரரோ, ஞாயித்துக்கிழமை ஆனா மோட்டார் பைக்க எடுத்துக்கிட்டு கெளம்பி இருட்டுனப்புறம்தான் திரும்பி வர்றாருன்னு நெனைக்கிறேன். இல்லன்னா இவ்ளோ எரிச்சலா ஒரு கேள்வி வராது. அந்த ஆளு சார்பா நான் பதில் சொல்றேன்னு வெச்சுக்குங்க.

மொதல்ல, வேலை இருக்கு. மலேசியாவுல பினாங்குல பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில ஒரு ஃபேக்டரியில ஷிப்பிங் பக்கம், பன்னெண்டு மணி நேர ஷிப்ட். பினாங்குல பாதி ஆம்பளைங்க ராத்திரி பூரா தூண்டில போட்டுட்டு கொசுக்கடியில உக்காந்திருக்காங்க, விடியக்காலையில ரெண்டு கெளுத்தியத் தூக்கிட்டு வர்றாங்க, அவங்கள யாராச்சும் வேலை வெட்டி இல்லையான்னு கேட்டிருக்காங்களா? என் மச்சானோட தூண்டில் விலைக்கு நான் ரெண்டு கேமரா வாங்கலாம். ஆனா குடும்பத்துல பைத்தியம்னு பேரு எனக்குத்தான்.

சரி, என்ன கிடைக்குதுன்னு கேட்டீங்கல்ல. பிளேன மட்டும் பாத்தா அஞ்சு நிமிஷத்துல சலிச்சிரும், அதுல உங்க கட்சிதான் நானும். சலிக்காம இருக்கறது அதச் சுத்தி நடக்கற வேலை. எது எதுக்காக நிக்குது, யாருக்காக யாரு காத்திருக்கா, இதெல்லாம் புரிய ஆரம்பிச்சிருச்சுன்னா அப்புறம் ஏர்போர்ட்ல ஒண்ணும் சும்மா நடக்கற மாதிரி தெரியாது.

எங்க பினாங்குல இருக்கறது ஒரே ஒரு ஓடுபாதை, மூணு கிலோமீட்டருக்கு மேல நீளம். ஒரு முனையில 04ன்னும் மறு முனையில 22ன்னும் எழுதியிருக்கும். ஏதோ வரிசை நம்பர்னு நெனைக்காதீங்க, திசைகாட்டி டிகிரியில கடைசி பூஜ்யத்த எடுத்துட்டது, அவ்ளோதான். 04ன்னா 40 டிகிரி, வடகிழக்கப் பாத்து ஓடுது. அதே ரோட்ட எதிர்ப்பக்கமா ஓடுனா 220, அதான் 22. எந்தப் பக்கமா இறங்கணும்கறத முக்கியமா காத்துதான் முடிவு பண்ணுது. காத்துக்கு எதிரா இறங்குனா தரை வேகம் கம்மி, சீக்கிரம் நிக்கலாம். அதனால 04 நடக்கற அன்னைக்கு பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கம் போயி நின்னீங்கன்னா கடல்ல இருந்து நேரா தலைக்கு மேல வரும், சக்கரத்துல ஒட்டியிருக்கற கருப்புத் தடம்கூட தெரியும். காத்து மாறி 22 ஆயிருச்சுன்னா அங்க நின்னு பிரயோஜனமில்ல, எறங்கறதெல்லாம் தொழிற்பேட்டை பக்கமா வரும், நமக்குப் பொறப்படறதோட வயிறுதான் தெரியும். வீட்ட விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி நான் காத்து பாக்கறேன்னு என் வீட்டுக்காரி சிரிக்கிறா. துணி காயப் போடறதுக்கு முன்னாடி அவ பாக்கறதில்லையா?

இப்போ அங்க எதிர்க்க கடல்ல மண்ணக் கொட்டி சிலிக்கான் தீவு கட்டிக்கிட்டு இருக்காங்க, 2023ல ஆரம்பிச்சது. மீன் புடிக்கற கம்பத்துக்காரங்க (கம்பம்னா இங்க கிராமம்) வேணாம்னு எவ்வளவோ சொன்னாங்க. அந்தக் கத வேற, அதப் பேச ஆரம்பிச்சா இந்தப் பதில் முடியாது.

நீங்க வேலி வரைக்கும்கூட வர வேணாம். அடுத்த தடவை கேஎல் (கோலாலம்பூர்) போறப்ப போன நோண்டாம ஏர்போர்ட் கேட்டுல கண்ணாடி ஓரமா உக்காருங்க. பிளேன் வந்து நின்னோன யாரும் ஓடிப் போயி தொட மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? வயித்துக்கடியில செவப்பு விளக்கு மின்னிக்கிட்டே இருக்கும், அது மின்னுதுன்னா இன்ஜின் இன்னும் ஓடுதுன்னு எடுத்துக்கணும். அது அணைஞ்சப்புறம்தான் சக்கரத்துக்கு கட்டை வெப்பாங்க, இறக்கை நுனியிலயும் இன்ஜின் பக்கத்துலயும் ஆரஞ்சு கோன் வெப்பாங்க, அதுக்கப்புறம்தான் சாமான் இறக்கற பெல்ட் வண்டி கிட்ட வரும். மலிவு விலை பிளேன் எல்லாம் இருபத்தஞ்சு நிமிஷம் போல நேரத்துல ஆள இறக்கி, உள்ள கூட்டிப் பெருக்கி, எண்ணெய் ஊத்தி, மறுபடி ஆள ஏத்தி அனுப்பறாங்க. அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல ஒரு ஆளு லேட்டா வந்தா வரிசையா எல்லாரும் லேட்டு.

இதுல எனக்குப் புடிச்சது கடைசி ஒரு நிமிஷம். வண்டி பிளேன பின்னாடி தள்ளிக் கொண்டு போயி விட்டுட்டு கழட்டிக்கிட்டு வந்துரும். காதுல ஹெட்செட் மாட்டுன ஒருத்தர் மட்டும் ஒயரச் சுருட்டிக்கிட்டு தள்ளி வந்து, பைலட்டுக்குத் தெரியற மாதிரி நின்னு, கையில செவப்பு நாடா தொங்கற ஒரு சின்ன கம்பிய தூக்கிக் காட்டுவாரு. தள்றப்ப வண்டி பாட்டுக்கு முன் சக்கரத்த திருப்பணும்ல, அதுக்காக பைலட்டோட ஸ்டீரிங்க முன் சக்கரத்துல இருந்து பிரிச்சு வெக்கற பின்னு அது. எடுத்துட்டேன், இனி சக்கரம் உங்க கையிலன்னு அர்த்தம். பைலட் உள்ள இருந்து கைய ஆட்டுவாரு. நாடா தெரியலன்னா நகர மாட்டாரு. வெயில்ல கருத்துப் போயி நிக்கற அந்த ஆளுக்கும் பைலட்டுக்கும் நடக்கற இந்தப் பேச்ச, உள்ள உக்காந்திருக்கற நூத்தி எண்பது பேருல ஒருத்தர்கூட பாக்கறதில்ல, எல்லாரும் பெல்ட்டு போட்டுட்டு டிக்டாக் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. ஒரு சம்பவம் சொல்றேன்.

ஒரு தீபாவளி சமயம் எங்க பெரியம்மா கேஎல் பக்கத்து சுபாங்ல இருந்து ஏடிஆர்ல வந்தாங்க, ரெக்கையில காத்தாடி வெச்ச சின்ன பிளேனு. கூட்டிட்டு வர வழக்கம் போல என்னத்தான் அனுப்புனாங்க, "நீதான் எப்பவும் அங்கயே கிடக்கறியே"ன்னு. (இது தனிக் கொடுமை. யாரு வந்தாலும் போனாலும் விடியக்காலை நாலு மணி ஃபிளைட்டா இருந்தாலும் என் காடிதான், அதாவது காருதான். பெட்ரோலுக்கு ஒரு வெள்ளி எவனும் நீட்டுனதில்ல.) கூட சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தாங்க. வானம் கருத்துக்கிட்டு வருது. நான் போன்ல ஃபிளைட்ரேடார் போட்டு வெச்சிருந்தேன். பிளேனே தன் இடத்தையும் உயரத்தையும் ரேடியோவுல அனுப்பிக்கிட்டே இருக்கும், அத ஆர்வம் உள்ளவங்க வீட்டுக் கூரையில ஆன்டெனா வெச்சு புடிச்சு அனுப்பறாங்க, அதான் அந்த ஆப்புல படமா ஓடுது. அத சித்தப்பாவும் எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இறங்கி இறங்கி வந்த பிளேனு, ஓடுபாதைக்குக் கிட்ட வந்து திடீர்னு மறுபடி மேல ஏற ஆரம்பிச்சிருச்சு.

சித்திக்கு கை கால் ஓடல. "ஐயோ முருகா"ன்னு அங்கயே தலையில கைய வெச்சு உக்காந்துட்டாங்க. சித்தப்பா பைலட்ட திட்ட ஆரம்பிச்சாரு, லைசென்ஸ காசு குடுத்து வாங்கியிருப்பான்னு. நான் சொன்னேன், சித்தப்பா, இதுக்குப் பேரு கோ அரவுண்டு, இறங்கறதுக்கு எல்லாம் சரியா அமையலன்னா மேல போயி சுத்திட்டு வரணும்கறது அவங்க பாடத்துலயே இருக்கு, காத்து திடீர்னு மாறும், முன்னாடி இறங்குனது ஓடுபாதைய விட்டு வெளியாகாம இருக்கும், மழையில பாதை தெரியாம இருக்கும், பயப்படாதீங்க, இறங்கியே தீரணும்னு அழுத்துறவன் கிட்டத்தான் பயப்படணும். நம்பல. ஆனா ஆப்புல அந்த மஞ்சப் பிளேனு கடல் மேல ஒரு வட்டம் போட்டு திரும்பி வர்றத விரல் வெச்சுக் காட்டுனேன், சித்தி கொஞ்சம் மூச்சு விட்டாங்க.

இறங்கிருச்சு. ஆனா ஆளு யாரும் வெளிய வரல. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி ஆச்சு. பக்கத்துல நின்னவங்க எல்லாம் கவுண்டர்ல போயி சத்தம் போடறாங்க, பிளேன் வந்தாச்சு கதவத் திறக்க மாட்டீங்களான்னு. மின்னல்ங்க. மின்னல் கிட்ட வந்துருச்சுன்னா எச்சரிக்கை குடுப்பாங்க, வெளிய நிக்கற ஆளுங்க எல்லாம் உள்ள போயிரணும், எண்ணெய் ஊத்தக் கூடாது, ஒயரு போட்ட ஹெட்செட் மாட்டக் கூடாது, பெட்டி இறக்கக் கூடாது. பாலம் மாட்டுன பிளேன்னா ஆளாச்சும் நடந்து வந்துரலாம், ஏடிஆருக்கு படியில இறங்கி தரையில நடக்கணும், அதனால உள்ளயே உக்கார வெச்சிட்டாங்க. அந்த அகண்ட சிமெண்டுத் தரையில மின்னலுக்கு உசரமா தெரியறது பிளேனும் அது பக்கத்துல நிக்கற மனுசனும்தான். என் பெரியம்மா பேக்கு பத்து நிமிஷம் முன்னாடி வரணும்கறதுக்காக எவனோ ஒரு அம்மா பெத்த புள்ள அங்க நிக்கணுமா? இத நான் அங்க ரெண்டு மூணு பேருகிட்ட சொன்னேன். ஒருத்தர் கேட்டுக்கிட்டாரு. ஒருத்தர் "நீங்க ஸ்டாஃபா?"ன்னு முறைச்சாரு.

பெரியம்மா வெளிய வந்தாங்க. என்னக்கா, மேல ஏறுனப்போ பயந்துட்டீங்களான்னு சித்தி கேட்டா, "எப்ப ஏறுச்சு? நான் தூங்கிட்டேன்டி"ன்னாங்க.

மின்னல்னு சொன்னோன எனக்கு வேற ஒரு கடுப்பு ஞாபகம் வருது, கேள்விக்கு சம்பந்தமில்ல, பொறுத்துக்குங்க. ஃபேக்டரியில நாங்க பேக் பண்றது எலக்ட்ரானிக் சிப்பு. ஈரம் புகாத வெள்ளி நிறப் பையில போட்டு, ஈரம் உறிஞ்சற பொட்டலம் ஒண்ணு, ஈரம் பட்டா புள்ளி நிறம் மாறுற அட்டை ஒண்ணு உள்ள வெச்சு, காத்த உறிஞ்சி மூடி, பெட்டி கட்டி லோரியில ஏத்துவோம். 1972ல இன்டெல் வந்த காலத்துல இருந்து இந்த ஊரு பொழப்புல பெரிய பங்கு இப்படி ஆகாயத்துலதான் போகுது. மழை நாள்ல மின்னலுக்கு ராம்ப், அதாவது பிளேன் நிக்கற தரைய, மூடிட்டாங்கன்னா சரக்கு கெடக்கும், பிளேன் லேட்டாகும், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எங்க பழைய சூப்பர்வைசர் ஒருத்தர் இருந்தாரு, சரக்கு ஏறலன்னா எங்கள வரிசையா நிக்க வெச்சு கத்துவாரு, நாங்க வானத்துல போயி மின்னல நிறுத்தணும் போல. ஏர்போர்ட் அங்கருந்து பத்து நிமிஷம், ஒரு நாள் வந்து வேலி ஓரமா நின்னு பாத்திருந்தா புரிஞ்சிருக்கும். அந்த வருஷம் போனஸ்ல கைய வெச்சதுக்கும் இதத்தான் காரணமா எழுதுனாரு. சரி விடுங்க.

வேலி ஓரமா ஆளுங்களும் கிடைப்பாங்க. 2024 டிசம்பர்ல இண்டிகோ சென்னையில இருந்து நேரா பினாங்குக்கு விட ஆரம்பிச்சப்போ, அதப் பாக்கறதுக்குன்னே நான் போயிருந்தேன். மலேசியா பிளேன்ல எல்லாம் வால் பக்கம் 9எம்னு ஆரம்பிக்கும், இது விடின்னு ஆரம்பிக்கும், இந்தியாவுல பதிஞ்சதுன்னு அர்த்தம். பேரனோட வந்திருந்த ஒரு தாத்தா பக்கத்துல நின்னுக்கிட்டு, "இதுல ஏறுனா எங்கயும் மாறாம மெட்ராஸாப்பா?"ன்னு கேட்டாரு. ஆமா தாத்தா, நாலு மணி நேரம் போலன்னேன். அவரு அப்பா ரஜுலா கப்பல்ல வந்தவராம், டெக்குல படுத்து, வாந்தி எடுத்து எடுத்து பினாங்கு வந்து எறங்குனாராம். அப்புறம் அவரு பேச்ச நிறுத்தல, எனக்கு ரெண்டு பிளேன் போட்டோ போச்சு. பரவால்ல.

இப்போ சில பேரு கமெண்டுல வந்து, இது பாதுகாப்பு விஷயம், வேலிக்கிட்ட நிக்கறதே தப்புன்னு எழுதுவீங்க. முன்கூட்டியே சொல்லிர்றேன். "கவாசான் லாராங்கான்" (தடை செஞ்ச பகுதி) போர்டு இருக்கற இடத்துல நாங்க நிக்கறதில்ல, வேலிய தொடறதில்ல, போலீஸ் நகரச் சொன்னா எதிர்க்கேள்வி கேக்காம நகர்ந்துருவோம். ட்ரோன் விடறவனையும் லேசர் அடிக்கறவனையும் எங்காளுங்கன்னு சேத்துப் பேசாதீங்க, அவனுங்கள நாங்களே புடிச்சுக் குடுப்போம். செப்பாங்ல கேஎல்ஐஏவுல, அதான் கேஎல் பெரிய ஏர்போர்ட்ல, அஞ்சுங் ஸ்பாட்டர்னு பிளேன் பாக்கறதுக்குன்னே இடம் கட்டி விட்டிருக்காங்க, தப்புன்னா கட்டுவாங்களா? நான் பைலட்டும் இல்ல, ஏர்போர்ட் ஸ்டாஃபும் இல்ல, மேல எழுதுனதுல ஏதாச்சும் பிசகு இருந்தா துறையில இருக்கறவங்க திருத்துங்க, ஆனா மரியாதையா.

நாலு இன்ஜின் 747 வர்றப்ப மட்டும் என்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க. கடைசி 747ஐ போயிங் 2023 ஜனவரியில குடுத்து முடிச்சாச்சு, இனிமே புதுசு கிடையாது. பினாங்குக்கு வர்றது சரக்கு 747தான், அது ஏறிப் போனப்புறம் பின்னாடி நிக்கற சின்ன பிளேன ரெண்டு நிமிஷமாவது காக்க வெப்பாங்க, பெருசு விட்டுட்டுப் போற சுழல் காத்துல சின்னது புரண்டுறக் கூடாதுன்னு. உள்ள இருக்கறவங்க ஏன் இன்னும் கெளம்பலன்னு வாட்ச்ச பாத்துக்கிட்டு இருப்பாங்க.

உங்க வீட்டு ஆளோட ஒரு ஞாயித்துக்கிழமை கூடப் போயி பாருங்களேன். கேமரா வேணாம். தண்ணியும் தொப்பியும் எடுத்துக்குங்க, அஞ்சு மணிக்கு மேல போங்க, வெயில் முதுகப் பொளக்காது. டாமார் லாவுட் போனா காடிய கம்பத்துக்காரங்க வீட்டு வாசல மறிச்சு நிறுத்தாதீங்க, எவனோ நிறுத்துனதுக்கெல்லாம் நாங்க திட்டு வாங்கறோம்.