வகுப்பில் ஓடிய கார் வெளியே ஏன் ஓடவில்லை? கேள்வி-பதில்

கே: ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் வண்டி ஆஃப் ஆகிறது. ஏன்?

ப: பெட்ரோலா டீசலா, மேட்டிலா சமதரையிலா, ஒன்றும் எழுதவில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வண்டி அசைந்ததும் கிளட்சை மொத்தமாக விட்டுவிடுகிறீர்கள். மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், பானெட் லேசாக எழும். கால் அங்கே நிற்க வேண்டும். ஒரு கார் நீளம் உருண்ட பிறகு மீதியை விடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் இருக்கையைச் சரிசெய்யுங்கள். கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும்.

கே: நாளை டெஸ்ட். ரிவர்ஸ் இன்னும் வரவில்லை. ஒரே நாளில் கற்க வழி உண்டா?

ப: தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

கே: இருபது வகுப்பு முடித்தேன், நன்றாகவே ஓட்டினேன். அண்ணனின் காரில் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. கார் சரியில்லையா?

ப: கார் சரியாகத்தான் இருக்கிறது. வகுப்பில் ஓட்டியது நீங்கள் மட்டும் இல்லை. பயிற்சிக் கார்களில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் பிரேக், கிளட்ச் இருக்கும். ஆபத்துக்கென்று வைத்ததைப் பலர் பாடம் முழுக்க மிதித்துக்கொண்டே வருகிறார்கள். வண்டி ஆஃப் ஆனால் நேரம் போகும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அதனால் நீங்கள் தப்பு செய்யும் முன்பே அவர் கிளட்சை அமுக்கிவிடுகிறார். நாலு முறை ஆஃப் ஆகாமல் யாருக்குக் கிளட்ச் பிடிபட்டிருக்கிறது?

கண்டுபிடிப்பது எளிது. அந்தப் பெடலும் உங்கள் பெடலும் பெரும்பாலும் கம்பியாலோ கேபிளாலோ இணைந்தவை. அவர் மிதித்தால் உங்கள் காலுக்கடியில் பெடல் தானாக இறங்கும். அப்படி இறங்கினால், காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள்.

‘பின் கண்ணாடி மூலையில் கம்பம் தெரிந்ததும் ஒன்றரைச் சுற்று’ என்று ரிவர்ஸுக்கு அடையாளம் சொல்லித்தருவதும் இந்த ரகம்தான். அதே கார், அதே இருக்கை உயரம், அதே கம்பம் இருந்தால் மட்டும் பலிக்கும்.

இனி செய்ய வேண்டியது: காலி மைதானம், சமதரை, முதல் கியர். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் விட்டு வண்டியை ஒரு மீட்டர் நகர்த்தி நிறுத்துங்கள். முப்பது முறை. தொடக்கத்தில் சில முறை ஆஃப் ஆகும், ஆகட்டும். எரிந்த வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். உட்கார்ந்ததும் இருக்கையைச் சரிசெய்தீர்களா? அண்ணனின் கால் நீளம் வேறு.

கே: ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று குழப்பம்.

ப: வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம். திருப்பும்போது முன்மூலை எதிர்ப்பக்கம் வீசும், அதையும் பாருங்கள்.

கே: மேட்டில் பின்னால் உருளாமல் எடுப்பது எப்படி?

ப: ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை அந்தக் கம்மும் இடம்வரை விடுங்கள். வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கும். அதற்குப் பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். பயத்தில் முதலில் இறக்கிவிடுவதால்தான் வண்டி உருள்கிறது.

கே: கண்ணாடி பார்த்தும், பார்க்கவில்லை என்று டெஸ்டில் தோற்கடித்துவிட்டார்கள்.

ப: கண்ணை மட்டும் உருட்டியிருப்பீர்கள். டெஸ்ட் எடுப்பவருக்குக் கழுத்து திரும்புவது தெரிய வேண்டும். கண்ணாடி, இன்டிகேட்டர், பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத இடத்தில் ஒரு பைக் முழுசாக மறைந்துகொள்ளும்.

கே: நிறுத்தும்போது முதலில் கிளட்சா, பிரேக்கா?

ப: பிரேக். வேகம் குறைந்து வண்டி உதறப்போகும் நேரத்தில்தான் கிளட்ச். முதலிலேயே கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி போய், வண்டி வெறுமனே உருளும். அவசரத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். 60 கிமீ வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறீர்கள், கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவும் போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. கால் எட்டாமல் பாதி பிரேக் மிதிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதேதான்: இருக்கையை முன்னால் இழுங்கள்.