மூன்று கார், ஒரே விலை: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: ஹேட்ச்பேக், செடான், காம்பாக்ட் எஸ்யூவி என மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் நகர நெரிசலில் ஓட்ட வேண்டும். மாதம் ஒருமுறை நால்வரும் நெடுந்தூரம் போவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ப்ரோஷரைப் படித்தால் மூன்றுமே நன்றாகத்தான் தெரிகிறது. சொகுசு, வடிவமைப்பு, இழுவை மூன்றையும் எப்படி ஒப்பிடுவது?

பதில்: ப்ரோஷரில் எல்லோரும் முதலில் பவரைத் தேடுவார்கள். நீங்கள் டயர் அளவிலிருந்து தொடங்குங்கள். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ.; 15 என்பது உள்ளே உள்ள உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அதே காரின் விலை கூடிய வேரியன்டில் 195/55 ஆர்16 இருந்தால் பக்கச்சுவர் 107 மி.மீ.தான். டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. குறைந்திருப்பது ரப்பரும் அதனுள் இருக்கும் காற்றும். சின்னச் சின்னக் குழிகளின் அதிர்வை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பகுதிதான். பெரிய அலாய் வீல் பார்க்க எடுப்பாக இருக்கும், வளைவில் ஸ்டியரிங்கும் கொஞ்சம் கூர்மையாகும். பின்சீட்டில் உட்காருபவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது இன்னொரு குளறுபடி நடக்கும். தொழிற்சாலையிலிருந்து கார்களை அனுப்பும்போது டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்து அனுப்புவது வழக்கம். ஷோரூமில் அதைக் குறைக்க மறந்துவிட்டால் நல்ல சஸ்பென்ஷன் உள்ள காரும் கட்டை வண்டி போலக் குலுக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோதே காற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 40 இருந்தால் அந்த ஓட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மூன்று கார்களையும் ஒரே நாளில், ஒரே பாதையில், நால்வரும் ஏறிக்கொண்டு, ஏசி போட்டு ஓட்டுங்கள். தனியாக விற்பனையாளரோடு ஒரு சுற்று போய்வருவதில் இழுவை பற்றித் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு கணக்கு பாருங்கள். 950 கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக்குக்கு 90 பிஎஸ் (குதிரைத்திறன்) என்றால் டன்னுக்குச் சுமார் 95 பிஎஸ். 1,250 கிலோ எஸ்யூவிக்கு 110 பிஎஸ் என்றால் டன்னுக்கு 88. ஹேட்ச்பேக் முன்னே நிற்கிறது. நால்வரும் பெட்டிகளுமாக 300 கிலோ ஏற்றிவிட்டால் கணக்கு 72க்கு 71 என்றாகிவிடும். எடை குறைந்த காருக்கு ஆள் ஏற ஏறத்தான் மூச்சு வாங்கும்.

பவரைவிட முக்கியமானது, டார்க் (என்ஜினின் முறுக்கு விசை, என்எம் அளவில் சொல்வார்கள்) எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் எண்ணிக்கை) கிடைக்கிறது என்பது. 1,750 முதல் 4,000 வரை 170 என்எம் தரும் சிறிய டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) பெட்ரோல் என்ஜின், 2,000 ஆர்பிஎம்மில் சுமார் 48 பிஎஸ் தருகிறது. டர்போ இல்லாத என்ஜின் அதே வேகத்தில் 100 என்எம் தருவதாக வைத்துக்கொண்டால் கிடைப்பது 28 பிஎஸ்தான். நெடுஞ்சாலையில் கியரைக் குறைக்காமல் லாரியை முந்த முடிவது இதனால்தான். ஆனால் 1,500க்குக் கீழே டர்போ தூங்கும். வேகத்தடையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறி மிதித்துப் பாருங்கள். வண்டி திணறி, முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தால் தினசரி நெரிசலில் அது பெரும் தொல்லை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் 0–100 நேரத்தை மறந்துவிடுங்கள். மூன்றாவது கியரில் 40லிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பின்சீட்டில் இருப்பவரைப் போனில் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். தரையிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அளக்க வேண்டும். அவர் முழங்காலின் உயரத்தைவிட ஒரு சாண் அளவுக்குள் மேலே இருந்தால் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவிடலாம். செடானில் சீட் தாழ்ந்திருப்பதால் இறங்கும்போது உடம்பின் எடை முழுவதும் முழங்காலில் விழும். பின்னால் கூரை சரிந்து வருவதால் தலையையும் குனிய வேண்டும். எஸ்யூவி என்றாலே இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு அகலமாகவும் உயரமாகவும் இருக்கும். காலை அதற்கு மேல் தூக்கிப் போடுவதுதான் வலிக்கும். அவரையே நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள்.

பின்சீட்டைச் சோதிக்க, ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்ப வைத்துவிட்டு அதற்குப் பின்னால் நீங்களே உட்காருங்கள். முழங்காலுக்கு முன்னால் உள்ள இடத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தொடை சீட்டில் படிகிறதா? சீட்டின் நுனிக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி சரி. உள்ளங்கை முழுவதும் நுழைந்தால் நீண்ட பயணத்தில் இடுப்பு வலிக்கும். தரைக்கடியில் பேட்டரி இருக்கும் சில மின்சாரக் கார்களில் தரை உயர்ந்திருப்பதால் முழங்கால் மேலெழும்பி, தொடை அந்தரத்தில் நிற்கும். மெத்தென்ற சீட்டும் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் சுகம். குறைந்தது 20 நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

வடிவமைப்பில் அழகு உங்கள் விருப்பம். ஜன்னல்களின் கீழ்விளிம்பு பின்னால் போகப் போக ஏறிச்செல்லும் கார்களில் மட்டும் கவனம் தேவை. பின் ஜன்னல் சின்னதாகி வெளியே அடிவானம் தெரியாது; குழந்தைகளுக்கும் சில பெரியவர்களுக்கும் குமட்டல் வருவதற்கு அது போதும். முன்கண்ணாடியின் இரு தூண்களும் தடிமனா என்பதையும் பாருங்கள். நீங்கள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருக்க, ஒருவர் காரைச் சுற்றி நடக்கட்டும். எங்கெல்லாம் மறைகிறார் என்று தெரிந்துவிடும்.

ஓட்டத்தில் இரண்டு வேகங்களில் சோதியுங்கள். 30 கி.மீ. வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி விடுங்கள். உயரமான, இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள எஸ்யூவியில் பயணிகளின் தலை இடமும் வலமும் ஆடும். அடுத்து, பாட்டை நிறுத்திவிட்டு 80 கி.மீ. வேகத்தில் கேட்டுப் பாருங்கள். செடானில் டிக்கி தனி அறை என்பதால் பின் டயரின் இரைச்சல் குறைவாக வரும். மற்ற இரண்டிலும் டிக்கியும் கேபினும் ஒன்றே. காற்றுத் தடையும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80லிருந்து 120க்குப் போனால் அது 2.25 மடங்கு. உயரமான எஸ்யூவியின் மைலேஜ் நெடுஞ்சாலையில் சட்டென்று இறங்குவது இதனால்தான்.

உங்கள் தேவைக்கு என் தேர்வு காம்பாக்ட் எஸ்யூவி, அதிலும் சிறிய சக்கரம் உள்ள நடு வேரியன்ட். அதன் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்குவது அம்மாவுக்குக் கடினமாக இருந்தால் ஹேட்ச்பேக்கை எடுங்கள். பயணச் சுகத்தில் செடானே சிறந்ததாக இருந்தாலும், தினமும் ஏறி இறங்க வேண்டியவர் அவர் என்றால் அதை விட்டுவிடலாம். ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு டாப் வேரியன்டைத்தான் பெரும்பாலும் நிறுத்தியிருப்பார்கள். எந்த வேரியன்டை வாங்கப் போகிறீர்களோ, அதே சக்கர அளவுள்ள வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டுங்கள்.